புயலில் உடைந்த பழைய கப்பலைத் தேடுவது எப்படி? குமரிக் கரையில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கரையில் எந்த ஊரில் கேட்டாலும் ஒரு கப்பல் கதை உண்டு. பெருங்காற்றில் வந்து பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) அடித்து உடைந்தது, சரக்கெல்லாம் கரையேறியது, இன்னார் வீட்டு உத்திரம் அந்தக் கப்பல் மரம்தான் என்பார்கள். கதையைக் கேட்டவர் வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடுவார். ஒன்றும் கிடைக்காது. அத்தோடு விட்டுவிடுவார்.

என் அம்மை ஊர்க் கரையில் உடைந்ததாகச் சொல்லப்படும் ஒரு கப்பலின் பின்னால் நான் அலைந்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும், எந்த மாதத்துக் கட்டைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், காற்றிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கரையில் உடைந்தவற்றில் பெரும்பாலானவை தோணியும், பத்தேமாரி என்ற சரக்குப் பாய்க்கப்பலும்தான். லண்டன் பதிவேடுகளில் அவற்றுக்குப் பெயர் கிடையாது. ஆனால் பெருங்காற்று ஒரே ஒரு கப்பலை மட்டும் அடித்துவிட்டுப் போவதில்லை. அதே காற்று கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் கொழும்பிலும் யாரோ ஒருவரை எழுத வைத்திருக்கும். தேதி கையில் இருந்தால் கப்பலை நெருங்கலாம். பெயர் மட்டும் இருந்தால் அதே பெயருடைய வேறு பத்துக் கப்பல்களுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

1. ஊரில் கேளுங்கள், ஆண்டைக் கேட்காதீர்கள்

"எந்த வருஷம் பாட்டா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் அதை நம்ப முடியாது. கடியபட்டணம் பக்கம் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "மக்களே, வருஷத்த எங்கிட்ட கேக்காத. காத்து எந்தப் பக்கம் இருந்து வந்துதுன்னு கேளு, சொல்லுதேன்." அவர் தாத்தா சொன்ன கதைதான் அது. ஆனால் திசை மட்டும் மூன்று தலைமுறை தாண்டியும் மாறாமல் வந்திருந்தது.

ஆகவே இவற்றைக் கேளுங்கள். காற்று முதலில் எங்கிருந்து அடித்தது, பிறகு எந்தப் பக்கம் திரும்பியது? காற்றுகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். அதனால் பெயரை எழுதிக்கொண்டு வராமல் கரையில் நிற்க வைத்துக் கையைக் காட்டச் சொல்லுங்கள். காற்றே இல்லாமல் கடல் மட்டும் ஏறி வந்ததா? அப்படியென்றால் அது கள்ளக்கடலாக இருக்கலாம். அதற்கான காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்திருக்கும், உள்ளூர்ப் பதிவுகளில் புயலைத் தேடிப் பயனில்லை. கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு முன்பா, பின்பா? அந்தத் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடப்பது. நம் கரையின் புயல் காலமும் அதுவே என்பதால் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். மண்டைக்காட்டுக் கொடை நேரம் என்றால் மாசி. புயலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, கதையில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

ஆண்டை நெருங்க, எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சிகளைக் கொம்பாக நடுங்கள். தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு (1924) முன்பா? மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு (1956) முன்பா? ராமேஸ்வரம் புயலுக்கு (1964) முன்பா? கரையேறிய சரக்கு என்ன என்பதையும் விடாமல் கேளுங்கள். அரிசியா, துணியா, தேக்குத்தடியா என்று தெரிந்தால் கப்பல் எங்கிருந்து வந்தது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். புயல் என்று வாயெடுத்தால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் 2017 நவம்பர் 30தான் முன்னால் வந்து நிற்கும். ஒக்கியில் போனவர்களின் உடல்கூட வராத வீடுகள் அவை. பழைய கப்பலைக் கேட்கப் போன நீங்கள், அவர்கள் சொல்வதை முதலில் கேளுங்கள். உங்கள் கேள்வி இன்னொரு நாள் காத்திருக்கட்டும். அடுத்தது, வலை மாட்டும் இடம், மீன் கூடும் பார் ஆகியவற்றின் ஜிபிஎஸ் குறிகளைக் கேட்காதீர்கள். அவராகவே சொன்னாலும் எங்கும் வெளியிடாதீர்கள். உடைந்த கப்பல் கிடக்கும் இடம் மீன் கிடைக்கும் இடம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அது.

2. காற்றுக்குத் தேதி கண்டுபிடியுங்கள்

1891க்குப் பிந்தைய காற்று என்றால் வேலை எளிது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் இ-அட்லஸ் அந்த ஆண்டிலிருந்து வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களின் பாதைகளைக் காட்டுகிறது. அதே துறை 1877 முதல் 1970 வரையிலான பாதைகளைப் புத்தகமாகவும் வெளியிட்டிருக்கிறது. பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க அரசின் ஐபிட்ராக்ஸ் தரவுத்தளம் முழுக்க இலவசம். குமரி முனை 8 டிகிரி 5 மினிட் வடக்கு, 77 டிகிரி 33 மினிட் கிழக்கு. அதைச் சுற்றி இரண்டு டிகிரி வட்டம் போட்டு, அதற்குள் வந்த பாதைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீளாது, இவ்வளவு தெற்கே புயல் வருவது அரிது.

பாதை இல்லாததால் புயலே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். செயற்கைக்கோள் வருவதற்கு முன்பு, அதாவது 1960களுக்கு முன்பு, கடலில் போன கப்பலும் கரை நிலையமும் சொன்னதை வைத்துத்தான் பாதை வரைந்தார்கள். கப்பல் எதுவும் குறுக்கிடாத சின்னப் புயல் படத்துக்கு வராமலே போயிருக்கும்.

ஊரில் கேட்ட திசை இங்கேதான் பயன்படும். நம் பக்கம் புயல் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். புயலின் மையம் முனைக்குத் தெற்கே கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தால் கரையில் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்காகி, தென்கிழக்கில் முடியும். ஒக்கி போன்று தெற்கே கடக்கும் புயல்களின் போக்கு இது. மையம் உங்களுக்கு வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். பெரியவர் காட்டிய கை எந்த வரிசைக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் நான்கைந்து புயல்களில் இரண்டு அப்போதே கழிந்துவிடும்.

காற்று திரும்பவே இல்லை, ஆனி ஆடியில் நாள்கணக்கில் மேற்கிலிருந்தே அடித்தது என்றால் அது புயலாக இருக்காது, தென்மேற்குப் பருவக்காற்று. அதிலும் கப்பல்கள் உடைந்திருக்கின்றன. ஆனால் அதற்குத் தேட வேண்டிய மாதமும் தாளும் வேறு.

1891க்கு முந்தியது என்றால் மூன்று வாசல்கள். ஒன்று, திருவனந்தபுரம் வானாய்வகம். சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல் தொடங்கியது. ஜான் கால்டிகாட்டும் அவருக்குப் பின் ஜான் ஆலன் பிரவுனும் காற்றழுத்தத்தைத் தொடர்ந்து பதிந்தார்கள். நம் கரைக்கு இவ்வளவு அருகில் அவ்வளவு பழைய அளவீடு கிடைப்பது பெரிய பாக்கியம். இரண்டு, புயல் ஆய்வாளர் ஹென்றி பிடிங்டன் 1839 முதல் வங்காள ஆசியக் கழக இதழில் எழுதிய புயல் கட்டுரைகள். கப்பல்களின் நாட்குறிப்புகளை வரிவரியாகத் தந்திருப்பார். மூன்று, செய்தித்தாள்கள். அவற்றுக்கு ஐந்தாம் படியில் வருகிறேன்.

3. தேதிகளை மாற்றும்போது நிதானம்

ஆள்கள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். இரண்டு காகிதங்கள் ஒரே புயலைச் சொல்லும். தேதி ஒத்துவராததால் வேறு வேறு என்று ஒதுக்கிவிடுவோம்.

கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர்த் தாள்கள் எல்லாம் இதில்தான். ஆண்டு பிறப்பது சிங்கம் முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடு. சிங்கத்திலிருந்து டிசம்பர் 31 வரை 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825ஐக் கூட்டுங்கள். தொண்ணூற்றொன்பது வெள்ளம் 1099ஆம் ஆண்டு கர்க்கடகத்தில் வந்தது, ஆகவே 1924. தனு மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே கூட்டும் எண் மாறும். தனு என்று பார்த்தாலே நாள் எண்ணைக் கவனியுங்கள்.

புயல் காலத்தில் நீங்கள் புரட்ட வேண்டிய மாதங்கள் துலாம், விருச்சிகம், தனு. நம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆண்டு முழுக்கக் கேட்டால் ஆவணக் காப்பகத்தில் மூட்டையாக வந்து இறங்கும். இந்த மூன்று மாதத்தைச் சொல்லிக் கேட்டால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள். டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் அதற்கு வெகுகாலம் முன்பே புதியதற்கு மாறிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். 1746இல் சென்னைக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களை மூழ்கடித்த புயல் பிரெஞ்சுத் தாள்களில் அக்டோபர் 13, ஆங்கிலத் தாள்களில் அக்டோபர் 2.

கப்பல் நாள். பழைய ஆங்கிலக் கப்பல்களின் நாட்குறிப்பில் ஒரு நாள் நள்ளிரவில் தொடங்காது. முந்தைய நடுப்பகலில் தொடங்கும். டிசம்பர் 2 பிற்பகல் என்று எழுதியிருந்தால் கரையில் இருந்தவருக்கு அது டிசம்பர் 1 பிற்பகல். பிரிட்டிஷ் கடற்படை 1805இல் இதைக் கைவிட்டது; வணிகக் கப்பல்கள் பிறகும் சில காலம் விடவில்லை.

தீர்க்கரேகையிலும் இதே சிக்கல் உண்டு. பிரெஞ்சு வரைபடம் பாரிஸிலிருந்து கணக்கிடும். குமரி முனை அதில் 75 டிகிரி 13 மினிட் என்று வரும். 2 டிகிரி 20 மினிட்டைக் கூட்டிய பிறகே நம் வரைபடத்தில் குறியுங்கள். ஒரு மினிட் பிசகினாலே கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு சான்றுக்கும் இரண்டு கட்டம் போடுங்கள்: தாளில் இருந்தபடி ஒன்று, மாற்றிய தேதி ஒன்று. முதல் கட்டத்தை எக்காரணம் கொண்டும் திருத்தாதீர்கள்.

4. அந்தக் கரை யாருடையது என்று பாருங்கள்

1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரில் (1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்தது. குளச்சலில் உடைந்த கப்பலின் சர்க்கார்க் கோப்பைச் சென்னையில் தேடினால் நாள் வீணாகும். அது திருவனந்தபுரத்தில் இருக்கும். அதே புயலில் கூத்தங்குழியிலோ இடிந்தகரையிலோ ஒதுங்கிய தோணிக்குத் திருநெல்வேலி ஜில்லா பொறுப்பு. அதன் தாள் சென்னை எழும்பூரில் இருக்கும். லீபுரம், வட்டக்கோட்டை பக்கம் என்றால் எல்லை அருகில் என்பதால் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

பழைய தாள்களில் நம் ஊர்ப்பெயர் இன்றைய எழுத்தில் வராது. குளச்சலை ஆங்கிலத்தில் கொலாச்சல், கொலாச்சி, கொலேச்சே என்று உச்சரிக்கும்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். தேங்காய்ப்பட்டணம் தெங்கபட்டம் ஆகும். முட்டம், கடியபட்டணம், மணக்குடி, ராஜாக்கமங்கலம் ஒவ்வொன்றுக்கும் இப்படி மூன்று நான்கு எழுத்து வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். ஊர்ப்பெயரே இல்லாமல் 'கேப் கொமோரின் அருகில்' என்று மட்டும் இருப்பதும் சாதாரணம். ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் பழைய கடல்வழிக் கையேடு இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. மாலுமிகள் நம் கரையை எந்தப் பெயரால் அறிந்தார்கள், எந்தப் பாறைக்குப் பயந்தார்கள் என்று அதில் தெரியும்.

திருவிதாங்கூர்க் கோப்புகளில் ஊரை விடத் தாலுகா பெயரில் தேடுவது பலன் தரும். குளச்சலுக்கு இரணியல் தாலுகாவைப் பாருங்கள். மேலே தெற்கு டிவிஷன் திவான் பேஷ்கார் (டிவிஷனின் தலைமை வருவாய் அதிகாரி) திருவனந்தபுரத்துக்கு எழுதிய கடிதங்கள் இருக்கும்.

5. வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை

ஊர் விட்டுக் கிளம்பும் முன் இவற்றை முடித்துவிடுங்கள், பெரும்பாலும் செலவில்லாதவை.

லண்டனில் வெளிவந்த கப்பல் செய்தித்தாளான லாயிட்ஸ் லிஸ்ட் 1741 முதல் 1826 வரை ஹாதிட்ரஸ்ட் என்ற மின்னூலகத்தில் இருக்கிறது. லண்டனுக்குச் செய்தி போய்ச் சேரவே பல மாதம் ஆகும். ஆகவே டிசம்பர்ப் புயலுக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பாருங்கள். டிசம்பரிலேயே தேடிவிட்டு 'இல்லை' என்று மூடுபவர்கள் அதிகம்.

ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி, நெதர்லாந்தின் டெல்பர் நான்கும் பழைய செய்தித்தாள் தளங்கள், இலவசம். கொழும்பு, சென்னைச் செய்திகளை அங்குள்ள பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கும். முனைக்கருகில் கப்பலை இழந்த தலைவர்கள் கொழும்புக்கோ கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போய்ச் சேர்ந்துதான் செய்தி சொல்லியிருப்பார்கள். அதனால் 'கொழும்பிலிருந்து' என்ற தலைப்பின் கீழ் வரும் பத்திகளை விடாதீர்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் சந்தா கேட்கும். தேதி உறுதியான பிறகு ஒரே ஒரு மாதம் கட்டி, வேண்டியதை எல்லாம் இறக்கிக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

தேடும் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. 'சைக்ளோன்' என்ற சொல்லையே பிடிங்டன் 1848இல்தான் புத்தகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய புயலுக்கு ஹரிக்கேன், கேல், டெம்பெஸ்ட் என்றுதான் தேட வேண்டும். கப்பலுக்கு ஸ்ட்ராண்டட் (கரைதட்டியது), ஃபவுண்டர்ட் (கடலில் மூழ்கியது), ட்ரைவன் ஆஷோர் (காற்றில் கரைக்கு அடித்துவரப்பட்டது), டிஸ்மாஸ்டட் (பாய்மரம் முறிந்தது). கரையில் ஏறியதும் கடலில் மூழ்கியதும் வேறு வேறு. முதலாவதை மறுபடி மிதக்க விட்டிருப்பார்கள். அடுத்த ஆண்டே அதே கப்பல் வேறு துறைமுகத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

1876 முதலான பிரிட்டிஷ் கப்பல் விசாரணை அறிக்கைகளை சவுத்தாம்ப்டன் நகரசபை இணையத்தில் வைத்திருக்கிறது. இந்தியக் கடல்களில் நேர்ந்த கப்பல் விபத்துகளைக் கல்கத்தா துறைமுக அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டறிக்கையாகத் தொகுத்தார். பழைய அரசு வெளியீடுகள் இருக்கும் நூலகங்களில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பதிவு செய்துகொண்டால் ஏராளமான கோப்புகளைத் திரையிலேயே படிக்கலாம்.

கப்பலின் பெயர் கிடைத்துவிட்டால் தலைவரின் பெயர், எடை, புறப்பட்ட இடம், போகும் இடம் நான்கும் கப்பல்களின் ஆண்டுப் பதிவேடான லாயிட்ஸ் ரெஜிஸ்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் ஒத்தால் போதாது. ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனை சுற்றி நேரே கல்கத்தா போன கப்பல்களுக்கும், 1869க்குப் பிறகு சூயஸ் வழியாகக் கொழும்பு போனவற்றுக்கும் நம் கரையை ஒட்டி வரும் தேவை கிடையாது. ஒட்டி வந்தவை பம்பாய், கொச்சி, கொழும்பு, சென்னை, கல்கத்தா என்று கரை வணிகம் செய்தவை. உங்களுக்குக் கிடைத்த கப்பல் அந்த வழியில் ஓடியிராவிட்டால் ஒரு முறைக்கு இரு முறை சந்தேகப்படுங்கள்.

6. திருவனந்தபுரம்

கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் இயக்குநரகம் நந்தன்கோட்டில். பழைய சுவடிகளும் கோப்புகளும் கிழக்கேகோட்டைப் பக்கத்து மத்திய ஆவணக் காப்பகத்தில். அனுமதியை முதலில் வாங்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போங்கள். நேரே காப்பகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து அறிமுகக் கடிதம் (அசலும் இரண்டு நகலும்), ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, எந்தத் தலைப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு பக்கக் குறிப்பு. கடிதத்தில் உங்கள் தலைப்பு கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். 'இன்ன கப்பல்' என்று மட்டும் எழுதி வாங்கினால், துறைமுகக் கோப்பைக் கேட்கும்போது 'இது உங்கள் தலைப்பில் இல்லையே' என்பார்கள். 'தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில் புயல்களும் கப்பல் விபத்துகளும்' என்று இருந்தால் சிக்கல் வராது. கல்லூரித் தொடர்பு இல்லாதவர்கள் உள்ளூர் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். நாகர்கோவிலில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

முதலில் கேட்க வேண்டியது திருவிதாங்கூர் நிர்வாக ஆண்டறிக்கை. அச்சிட்டது, ஆங்கிலம், படிக்க எளிது. துறைமுகம், கலங்கரை விளக்கம், அந்த ஆண்டு மழை எல்லாம் தனித்தனித் தலைப்பில் வரும். அதில் ஒரு வரி கிடைத்தாலும் போதும். அந்த ஆண்டின் கோப்புகளுக்கு இறங்கலாம். இதன் சில தொகுதிகளும் அரசிதழும் 1829இல் தொடங்கிய அரசு மத்திய நூலகத்திலும் கிடைக்கும். அங்கே கூட்டம் குறைவு.

கையெழுத்துக் கோப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் நீங்களே படிக்கலாம். மலையாளம் என்றால் பழைய எண்களையும் மாதச் சுருக்கங்களையும் பழகிக்கொண்டு போங்கள். ஓலைகள் வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் இருக்கும். படித்துத் தர ஆள் தேவை. அதற்குக் கூலி பேசித்தான் ஆக வேண்டும். எழுத்து தெரியாமல் நகல் எடுத்து வந்து வீட்டில் அடுக்கி வைப்பதில் பயனில்லை.

உடைந்த கப்பலுக்கு எப்போதும் 'கப்பல் உடைந்தது' என்ற தலைப்பில் கோப்பு இருக்காது. கரையேறிய சரக்கை ஏலம் விட்டது, பிழைத்தவர்களுக்குச் சோறு போட்ட செலவு, சரக்கைத் தூக்கிப்போனதாக ஊர்க்காரர்மேல் வந்த வழக்கு, சுங்க வரி பாக்கி என்றே இருக்கும். பணம் கைமாறிய இடத்தில்தான் சர்க்கார் எழுதியது. அதனால் அட்டவணையில் சுங்கம், ஏலம், செலவு மூன்றையும் புரட்டுங்கள்.

காகிதம் கேட்ட நாளே வராது. பிற்பகலில் சீட்டு கொடுத்தால் மறுநாள் காலை மேஜைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து பேருந்தோ ரயிலோ சுமார் இரண்டு மணி நேரம். தினம் போய்வரலாம் என்றாலும் இரண்டு நாள் அங்கேயே தங்குவது வேலைக்கு நல்லது. ஓணம் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நகலுக்கும் படம் எடுப்பதற்கும் தனித்தனிக் கட்டணம். முதல் நாளே பட்டியலைக் கேட்டுச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அதே தாள்கள், அதே கடிதம். திருநெல்வேலி ஜில்லா பதிவுகள், சென்னை மாகாண அரசின் கடல்துறைப் பதிவுகள், கொச்சியிலிருந்து வந்த டச்சுப் பதிவுகள் இங்கே. டச்சு தெரியாதவர்களுக்கு டச்சு எழுத்து பயன்படாது. அச்சான அட்டவணையை மட்டும் பார்த்துத் தேதி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் கிழக்கிந்தியக் கம்பெனித் தாள்கள் இணையத்தில் இலவசமாக இருப்பதால் அங்கேயே ஒப்பிடலாம். நடக்கும் தூரத்தில் கன்னிமாரா நூலகம். பழைய அரசிதழும் செய்தித்தாளும் அங்கே பாருங்கள். 1878க்குப் பிந்தைய புயல் என்றால் தி இந்து இதழ்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. பங்கு அடக்கப் பதிவேடு

கரையில் ஒதுங்கிய மாலுமியைப் புதைத்தது யார்? பெரும்பாலும் அந்த ஊர்ப் பங்குதான். எழுதியிருந்தால் பெயர் தெரியாதவன், கப்பல்காரன் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியிலிருந்து நாள் கிடைக்கும். எனக்கு இந்தத் தேடலில் மனம் கனத்த இடம் இதுதான். சரக்குக்கு ஏலக் கணக்கு பக்கம் பக்கமாக இருக்கும். மனிதனுக்கு அரை வரி.

எந்த ஆயரகம் என்பதில் குழம்ப வேண்டாம். கோட்டார் மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. குழித்துறை 2014இல் கோட்டாரிலிருந்து. தூத்தூர் பக்கத்துப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் இருக்கின்றன. பங்கில் பழைய ஏடு இல்லையென்றால் அந்தந்த ஆயரகத்தில் கேளுங்கள். பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஞாயிறு அல்லாத நாளில், திருவிழாக் கொடியேற்றம் இல்லாத வாரத்தில் போங்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள்; ஏட்டைத் தொடக் கை சுத்தமாக இருக்கட்டும், படமெடுக்க அனுமதி கேளுங்கள். இன்றைய குடும்பங்களின் பெயர் வரும் பக்கங்களை எடுக்காதீர்கள்.

லண்டன் மிஷனரிமார் 1806 முதல் மயிலாடியிலும் பிறகு நாகர்கோவிலிலும் இருந்தார்கள். கூரை பறந்த செய்தியை அவர்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டதில்லை. அந்தச் சங்கத்தின் தாள்கள் லண்டன் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. மின்னஞ்சலில் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

9. கடலுக்குள் இறங்கும் ஆசை வந்தால்

வேண்டாம் என்பதே என் கருத்து. காகிதத் தேடலுக்குக் காப்பகத்தின் அனுமதியோடு முடிந்தது; கடலடியில் எதையாவது தொட்டால் சட்டம் வந்துவிடும். நூறாண்டு தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்துக்குள் வரும். மண்ணில் புதைந்து கிடந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். உடைந்த கப்பலின் பாகம் கிடைத்தால் அதற்கென அரசு நியமித்த அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பது வணிகக் கப்பல் சட்டம். கரையில் ஆணியோ பலகையோ பீங்கானோ ஒதுங்கினால் இருந்த இடத்திலேயே படமெடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள், வருவாய் அலுவலருக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்துப் பெறுகை ஒப்பம் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மரமும் இரும்பும் காய்ந்து உதிர்ந்துவிடும்.

முறையான கடலடி ஆய்வு வேண்டுமென்றால் இந்தியத் தொல்லியல் துறையின் கடலடிப் பிரிவும் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் இருக்கின்றன. உங்கள் நோட்டில் தேதியும் சான்றும் ஒழுங்காக இருந்தால் அவர்களுக்கு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும்.

'தங்கம் இருக்குமா?' என்று கேட்டு ஆள் வரும். இடத்தைச் சொல்லாதீர்கள்.

10. செலவும் காலமும்

குளச்சல் துறைமுக எல்லைக்குள் பதிவான கப்பல் சிதைவுகள் பற்றித் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'எல்லா விவரமும் தருக' என்று எழுதினால் 'விவரம் இல்லை' என்று வரும். ஆண்டு, ஊர், பதிவேட்டின் பெயர் மூன்றும் போட்டுக் கேளுங்கள்.

பெரிய செலவு பயணமும் தங்குமிடமும்தான். அடுத்தது நகல், அதற்கடுத்தது எழுத்து படித்துத் தருபவர் கூலி. இணையப் படியை முடிக்காமல் சென்னை ரயில் ஏறினால் முதல் செலவு இரட்டிப்பாகும்.

ஊர்ப்பேச்சுக்கு மீன்பிடித் தடைக்காலம் நல்லது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னும் இடத்தில் ஆள் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். அந்தப் பேச்சை வைத்து மழைக்காலத்தில் இணையத் தேடலை முடியுங்கள். அறிமுகக் கடிதத்தைக் கல்லூரி திறந்ததும் ஜூலையிலேயே கேளுங்கள். கையெழுத்தாகி வரச் சில வாரம் ஆகும். ஓணம் கழிந்து திருவனந்தபுரம், பிறகு எழும்பூர். நவம்பரில் கோட்டார் திருவிழாவுக்கு முன்பாகப் பங்குகளுக்கான கடிதங்களைக் கொடுத்துவிட்டு, ஏடுகளை ஜனவரியில் பாருங்கள். கிறிஸ்துமஸ் முடியும் வரை எந்தப் பங்குத்தந்தைக்கும் நேரம் இருக்காது.